மூச்சு சீராக இருக்கும் நாளில் டாக்டரைப் பாருங்கள்

வாசகி கேட்டது: அப்பாவுக்கு 66 வயது. இளவயதிலிருந்தே சிகரெட் பழக்கம். இப்போது ரொம்பக் குறைத்துவிட்டார், ஆனால் முழுதாக விடவில்லை. சில வருடங்களாக இருமல், சளி, மூச்சிரைப்பு. எங்கள் குடும்ப டாக்டர் இது சிஓபிடி, அதாவது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்றார். மூச்சு முட்டும்போதெல்லாம் அவரிடம் ஓடுகிறோம், நெபுலைசர் வைத்து ஊசி போட்டு மாத்திரை தருகிறார், நான்கைந்து நாளில் சரியாகிவிடுகிறது, இரண்டு மூன்று மாதத்தில் மறுபடியும் அதே கதை. நீல நிற இன்ஹேலர் ஒன்று கொடுத்திருக்கிறார். பழகிவிட்டால் விட முடியாது என்று அப்பா அதை முடிந்தவரை தொடுவதில்லை. நடந்தால் இரைக்கிறது என்பதால் வெளியே போக வேண்டாம் என்று நாங்களே சொல்லிவிட்டோம். இதைக் குடும்ப டாக்டரே பார்த்துக்கொள்ள முடியுமா, நேராக நுரையீரல் நிபுணரிடம் போய்விடலாமா? வீட்டில் ஆக்சிஜன் மெஷின் வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

டாக்டரை மாற்றுவதற்கு முன்னால், நீங்கள் டாக்டரிடம் போகும் நேரத்தை மாற்றிப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அப்பா டாக்டரைப் பார்த்த ஒவ்வொரு முறையும் அவருக்கு மூச்சு முட்டிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில் எவ்வளவு பெரிய டாக்டராக இருந்தாலும் செய்ய முடிந்தது ஒன்றுதான், மூச்சுக்குழாயை விரியவைத்து ஆளைக் கொஞ்சம் தேற்றி வீட்டுக்கு அனுப்புவது. ஏன் திரும்பத் திரும்ப வருகிறது, இன்ஹேலரை எப்படி எடுக்கிறார், சிகரெட்டை விட என்ன உதவி வேண்டும், தடுப்பூசி போட்டாயிற்றா என்று உட்கார்ந்து பேச அங்கே நேரமும் இல்லை, அப்பாவுக்குப் பேச மூச்சும் இல்லை. சரியான பிறகு நீங்கள் போவதில்லை. நானும் குடும்ப மருத்துவர்தான், என்னிடம் வருகிறவர்களில் பலரும் இப்படித்தான் வருகிறார்கள், அதனால்தான் இதை இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன். இந்த நோய்க்கான உண்மையான வைத்தியம் நடப்பது மூச்சு சீராக இருக்கும் நாட்களில்தான்.

இது என்ன நோய் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பல வருடப் புகையால் மூச்சுக்குழாய்கள் தடித்துச் சுருங்கி சளி கட்டுகின்றன, நுரையீரலின் சின்னச் சின்னக் காற்றுப் பைகளின் சுவர்கள் சிதைகின்றன. உள்ளே போன காற்று முழுதாக வெளியே வர முடியாமல் தங்கிவிடுகிறது, அதன் மேலேயே அடுத்த மூச்சை இழுக்க வேண்டியிருக்கிறது, நடக்கும்போது இரைப்பது இதனால்தான். சிதைந்தது திரும்பி வராது. ஆனால் சிதையும் வேகத்தைக் குறைக்கலாம், இரைப்பைக் குறைக்கலாம், நீங்கள் சொல்லும் அந்த திடீர் முட்டல்களைக் கணிசமாகக் குறைக்கலாம். உலக சுகாதார அமைப்பின் கணக்கில் 2021ல் மட்டும் இந்த நோயால் சுமார் 35 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள், மரணத்துக்கான காரணங்களில் அது நான்காவது இடம். இத்தனை பரவலான ஒரு நோயை நிபுணர்கள் மட்டுமே பார்ப்பது நடக்கிற காரியமில்லை, பெரும்பாலான நோயாளிகளை வருடக்கணக்கில் கவனித்துக்கொள்வது குடும்ப டாக்டர்கள்தான். அப்பாவின் சர்க்கரை, இதயம், தூக்கம், வீட்டு நிலைமை எல்லாம் தெரிந்த ஒருவர் இதையும் பார்ப்பதில் பெரிய நன்மை இருக்கிறது.

முதலில் ஒன்று கேட்கிறேன். அப்பாவுக்கு ஸ்பைரோமெட்ரி எடுத்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. ஒரு குழாயில் மூச்சை முழு பலத்தோடு ஊதச் சொல்லி, முதல் ஒரு நொடியில் எவ்வளவு காற்று வெளியே வருகிறது, மொத்தமாக எவ்வளவு வருகிறது என்று அளக்கும் பரிசோதனை அது. மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தைக் கொடுத்து, பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடியும் ஊதச் சொல்வார்கள். அப்போதும் முதல் நொடிக் காற்று மொத்தத்தில் 70 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால்தான் சிஓபிடி என்று உறுதியாகச் சொல்ல முடியும். எக்ஸ்ரேயைப் பார்த்தோ, ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டோ சந்தேகப்படலாம், அதோடு சரி. எக்ஸ்ரே வேண்டும்தான், ஆனால் அது காசநோய்த் தழும்பு, புற்றுநோய்க் கட்டி, இதயம் வீங்கியிருப்பது போன்ற வேறு விஷயங்களைத் தேடுவதற்கு. இருமலும் இரைப்பும் ஆஸ்துமாவிலும் வரும், இதயம் பலவீனமானாலும் வரும், ரத்தசோகையிலும் நடந்தால் இரைக்கும். புகை பிடித்தவர் இரைக்கிறது என்றாலே சிஓபிடி என்று எழுதிவிட்டு வருடக்கணக்கில் மருந்து கொடுப்பதும் நடக்கிறது, உள்ளுக்குள் நோய் இருந்தும் யாரும் ஊதச் சொல்லாமலே காலம் போவதும் நடக்கிறது. இரண்டுமே ஆபத்து. மோசமாக இருக்கும் நாளில் இந்தப் பரிசோதனையை எடுத்தால் கணக்கு தப்பாக வரும், எனவே தேறிச் சில வாரம் ஆன பிறகு போங்கள். சில டாக்டர்களிடமே இந்தக் கருவி இருக்கும், இல்லையென்றால் எங்கே எடுக்கலாம் என்று எழுதிக் கொடுப்பார்.

ஸ்பைரோமெட்ரி எண் மட்டும் போதாது. ஒரே எண் வந்த இரண்டு பேரில் ஒருவர் மாடிப்படி ஏறுவார், இன்னொருவர் சட்டை மாற்றவே திணறுவார். அதனால் நல்ல டாக்டர் வேறு சில கேள்விகளும் கேட்பார். சமதளத்தில் தன் வயதுக்காரர்களோடு சேர்ந்து நடக்க முடிகிறதா, நூறு மீட்டரிலேயே நிற்க வேண்டியிருக்கிறதா, உடை மாற்றினாலே இரைக்கிறதா, இரவில் தூக்கம் எப்படி, போன வருடம் எத்தனை முறை மோசமானது, அதில் எத்தனை முறை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருந்தது. இதற்கென்றே எட்டுக் கேள்விகள் கொண்ட ஒரு தாள் இருக்கிறது, சிஏடி என்பார்கள், 0 முதல் 40 வரை மதிப்பெண். ஒவ்வொரு முறை போகும்போதும் அதை நிரப்பினால் மருந்து வேலை செய்கிறதா இல்லையா என்பது டாக்டருக்கும் உங்களுக்கும் தெரிந்துவிடும். கேள்விகளில் எத்தனை முறை மோசமானது என்ற அந்த எண்ணிக்கை ரொம்ப முக்கியம். வருடத்தில் இரண்டு முறை அல்லது அதற்கு மேல் மோசமானாலோ, ஒரே ஒரு முறை ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலோ, அடுத்த முறை மோசமாகும் வாய்ப்பு அதிகம் என்று கணித்து மருந்தை ஒரு படி உயர்த்த வேண்டும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அப்பா இந்தக் கூட்டத்தில் இருக்கிறார். இதை உங்கள் டாக்டர் கணக்கெடுத்திருக்கிறாரா என்பது எனக்குத் தெரியாது, ஒவ்வொரு முறையும் அவசரத்தில் போனால் அவர் கண்ணில் அது படாமலே போகலாம், அதனால் தேதிகளை நீங்களே எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

சிகரெட் விஷயத்துக்கு வருகிறேன். குறைத்துவிட்டார் என்று நிம்மதியாக எழுதியிருக்கிறீர்கள், என்னால் அந்த நிம்மதியைப் பகிர்ந்துகொள்ள முடியவில்லை, மன்னியுங்கள். இந்த நோயில் மருந்துகளையெல்லாம் ஒரு பக்கம் வைத்தாலும் இன்னொரு பக்கம் கனமாக நிற்பது புகையை முழுதாக நிறுத்துவதுதான். ஃபிளெட்சர், பீட்டோ என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1977லேயே இதை வரைபடமாகப் போட்டுக் காட்டினார்கள், நிறுத்திய நாளிலிருந்து நுரையீரல் சரியும் வேகம் புகை பிடிக்காதவர்களின் வேகத்தை நெருங்கிவிடுகிறது என்று. பிறகு அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆயிரக்கணக்கானவர்களைப் பதினோரு வருடம் தொடர்ந்து பார்த்த லங் ஹெல்த் ஸ்டடியில், புகையைத் தொடர்ந்த ஆண்கள் முதல் நொடிக் காற்றில் வருடத்துக்குச் சுமார் 66 மி.லி. இழந்தார்கள், ஆரம்பத்திலேயே நிறுத்திவிட்ட ஆண்கள் சுமார் 30 மி.லி.தான் இழந்தார்கள். பாதிக்கும் குறைவு. 66 வயதில் விட்டு என்ன பயன் என்று அப்பா கேட்கலாம். மீதி இருக்கும் நுரையீரல் எத்தனை வருடம் தாங்கும் என்பதை முடிவு செய்வது இதுதான் என்று சொல்லுங்கள்.

ஆனால் திட்டாதீர்கள். இத்தனை வருடம் நிகோடினுக்குப் பழகிய மூளையைப் புத்திமதி சொல்லி மட்டும் திருப்ப முடியாது. நிகோடின் பட்டை, நிகோடின் சூயிங்கம், வரெனிக்ளின், புப்ரோபியான் என்று உதவிக்கு மருந்துகள் இருக்கின்றன. மருந்தும் தொடர்ந்த பேச்சும் சேர்ந்தால் வெற்றி வாய்ப்பு நன்றாகவே கூடுகிறது. அவருக்கு எது பொருந்தும் என்று குடும்ப டாக்டரே சொல்ல முடியும், நிபுணர் தேவையில்லை. நிறுத்தும் தேதி ஒன்றைக் குறித்துக்கொண்டு, ஒரு வாரத்துக்குள் மறுபடி பார்க்கச் சொல்லும் டாக்டராக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு முறை விட்டு மறுபடி ஆரம்பித்துவிட்டாலும் அதைத் தோல்வியாக எண்ண வேண்டாம், பலபேர் சில முயற்சிகளுக்குப் பிறகுதான் நிரந்தரமாக விட்டிருக்கிறார்கள். வீட்டில் வேறு யாராவது பிடித்தால் அவர்களும் சேர்ந்து விடட்டும். விறகுப் புகையோ, வேலையிடத்தில் தூசியோ ரசாயன ஆவியோ இருந்தால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், சிகரெட்டைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும் அதனால் இதே நோய் வருகிறது.

இன்ஹேலர் பழகிவிடும் என்ற பயம் எல்லா வீட்டிலும் இருக்கிறது, எதனால் அது தேவையில்லை என்று அப்பாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள். சல்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மி.கி. வரை மருந்து இருக்கிறது. அதே மருந்துதான் பெரும்பாலும் அந்த நீல இன்ஹேலரில் இருப்பது, ஒரு முறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம், அதாவது மாத்திரையில் நாற்பதில் ஒரு பங்கு. மாத்திரை வயிற்றுக்குப் போய் ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் சுற்றிக் கை நடுக்கமும் படபடப்பும் கொடுத்துவிட்டு நுரையீரலுக்கு வருகிறது, இன்ஹேலர் மருந்து நேராக அங்கேயே போகிறது. இதற்கு அடிமையாவது என்று ஒன்று கிடையாது. தினமும் தேவைப்படுகிறது என்றால் அதற்குக் காரணம் நோய் தினமும் இருப்பதுதான்.

அதைவிட எனக்குக் கவலை தருவது, அவருக்குக் கொடுத்திருப்பது நீல இன்ஹேலர் மட்டும்தான் என்பது. அது அந்த நேரத்து இரைப்பைத் தணிக்கும், நான்கு முதல் ஆறு மணி நேரம் வேலை செய்யும், அவ்வளவுதான். அப்பா மாதிரி அடிக்கடி மோசமாகிறவருக்கு இரைப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் எடுக்க வேண்டிய, நீண்ட நேரம் வேலை செய்யும் மருந்து வேண்டும். டியோட்ரோபியம், கிளைக்கோபைரோனியம் ஒரு வகை, ஃபார்மோடெரால், இண்டாகாடெரால் இன்னொரு வகை. இப்போதைய வழிகாட்டுதல்படி இப்படிப்பட்டவருக்கு இரண்டு வகையும் சேர்ந்த இன்ஹேலரில்தான் பொதுவாக ஆரம்பிக்கிறார்கள். ஸ்டீராய்டு இன்ஹேலர் எல்லோருக்கும் இல்லை. ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற அணுக்கள் 300க்கு மேல் இருந்தால், அல்லது ஆஸ்துமாவும் கலந்திருந்தால் அது நல்ல பலன் தரும். 100க்குக் கீழே இருந்தால் பலன் குறைவு, நிமோனியா வரும் அபாயம்தான் கூடும். சாதாரண ரத்தப் பரிசோதனையிலேயே இந்த எண் வந்துவிடும், டாக்டரிடம் கேளுங்கள். அப்பாவுக்கு எது என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் “தினமும் எடுக்கும் இன்ஹேலர் இவருக்கு வேண்டாமா டாக்டர்?” என்று நீங்கள் கேட்கலாம், கேட்க வேண்டும்.

சரி, கொடுத்தாயிற்று. எப்படி எடுக்கிறார்? இந்த ஒரு விஷயத்துக்கு நான் என் நோயாளிகளிடம் எடுத்துக்கொள்ளும் நேரம் வேறு எதற்கும் எடுப்பதில்லை, ஏனென்றால் எவ்வளவு விலை உயர்ந்த மருந்தாக இருந்தாலும் தொண்டையிலேயே தங்கிவிட்டால் வீண். அழுத்தும் வகை இன்ஹேலர் என்றால் முதலில் நன்றாகக் குலுக்க வேண்டும், மூச்சை முழுதாக வெளியே விட வேண்டும், வாயில் வைத்து உதட்டை இறுக்கி, மெதுவாக ஆழமாக உள்ளே இழுக்க ஆரம்பிக்கும்போதே அழுத்தி, நான்கைந்து நொடி வரை இழுத்துக்கொண்டே போய், பிறகு முடிந்தால் பத்து நொடி மூச்சை அடக்க வேண்டும். இரண்டாவது முறைக்கு அரை நிமிடமாவது இடைவெளி. கை அழுத்துவதும் மூச்சு இழுப்பதும் ஒத்துவராவிட்டால், வயதானவர்களுக்குப் பெரும்பாலும் ஒத்துவராது, ஸ்பேசர் என்ற குடுவை வாங்கிப் பொருத்திக்கொள்ளுங்கள். மருந்து அதில் நின்று காத்திருக்கும், அவர் நிதானமாக இழுக்கலாம். ஸ்பேசரைக் கழுவினால் துணியால் துடைக்காமல் தானாகக் காயவிடுங்கள், துடைத்தால் உண்டாகும் நிலைமின்சாரத்தில் மருந்து சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். பொடி வகை இன்ஹேலர் என்றால் முறை நேர் எதிர், அதை வேகமாக, பலமாக இழுத்தால்தான் பொடி கிளம்பும். ஒருவருக்கு ஒரு வேளை மெதுவாக இழுக்கும் வகை, இன்னொரு வேளை வேகமாக இழுக்கும் வகை என்று இரண்டையும் கொடுத்தால் குழப்பம்தான் மிஞ்சும், முடிந்தவரை ஒரே வகையில் தரச் சொல்லிக் கேளுங்கள். ஸ்டீராய்டு கலந்ததாக இருந்தால் எடுத்த பிறகு வாய் கொப்புளித்துத் துப்ப வேண்டும், இல்லையென்றால் வாயில் வெள்ளையாகப் பூஞ்சை படரும், குரல் கம்மும். டாக்டருக்கு முன்னால் அப்பாவை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள், ஒவ்வொரு முறை போகும்போதும். தெரியும் தெரியும் என்று தலையாட்டுகிறவர்களிடம்தான் அதிகம் தப்பு பார்க்கிறேன்.

அப்புறம், மோசமாகும் நாட்கள். வழக்கத்தைவிட இரைப்பு கூடுவது, சளியின் அளவு கூடுவது, சளி மஞ்சளாக அல்லது பச்சையாக மாறுவது, இந்த மூன்றையும் அப்பாவும் நீங்களும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பித்த முதல் இரண்டு நாளில் கவனித்தால் பெரும்பாலும் வீட்டிலேயே சமாளிக்கலாம். நீல இன்ஹேலரை எத்தனை முறை கூட்டலாம், எந்த மாத்திரையை எப்போது தொடங்கலாம், எந்த நிலையில் போன் செய்ய வேண்டும் என்று டாக்டரிடம் ஒரு தாளில் எழுதி வாங்கி வீட்டில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டி வையுங்கள். பொதுவாகப் பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை 40 மி.கி. ஐந்து நாள் கொடுப்பார்கள். ஐந்து நாளும் பதினான்கு நாளும் ஒரே பலன்தான் தருகிறது என்று 2013ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது, ஆகவே பழைய சீட்டைப் பார்த்து நீங்களாக நீட்டிக்க வேண்டாம், நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம். ஸ்டீராய்டு ஒவ்வொரு முறையும் சர்க்கரையை ஏற்றும், திரும்பத் திரும்ப எடுத்தால் எலும்பைக் கரைக்கும். ஆன்டிபயாட்டிக் சளி நிறம் மாறியிருந்தால்தான் உதவும், ஒவ்வொரு இரைப்புக்கும் அது வேண்டியதில்லை. நெபுலைசர் வைத்தால்தான் கேட்கும் என்று பலரும் நம்புகிறார்கள், ஆனால் ஸ்பேசரோடு சரியாக எடுத்த இன்ஹேலர் பெரும்பாலான நேரம் அதே அளவு வேலை செய்யும்.

ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேசி முடிக்க முடியவில்லை, உதடு நீலமாகிறது, சம்பந்தமில்லாமல் பேசுகிறார் அல்லது தூங்கி வழிகிறார், நெஞ்சு வலிக்கிறது, இருமலில் ரத்தம் நிறைய வருகிறது, இப்படி ஏதாவது இருந்தால் தாளைப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். ஆஸ்பத்திரியில் சேர்ந்து வீடு திரும்பினால் நான்கு வாரத்துக்குள் ஒரு முறை, மூன்று நான்கு மாதத்தில் இன்னொரு முறை குடும்ப டாக்டரைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அந்த முதல் சில வாரங்களில்தான் திரும்பவும் சேர்க்க வேண்டிவரும் அபாயம் அதிகம்.

ஆக்சிஜன் மெஷின் வாங்காதீர்கள், இப்போதைக்கு. மூச்சு இரைக்கிறது என்றால் ஆக்சிஜன் குறைவு என்று அர்த்தமில்லை. அப்பாவுக்கு இரைப்பது காற்று உள்ளே சிக்கிக்கொள்வதாலும் தசை பலவீனத்தாலும்கூட இருக்கலாம், ஆக்சிஜன் அளவு சரியாகவே இருக்கும். மோசமாக இல்லாத நாளில், அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது, விரலில் வைத்துப் பார்க்கும் அளவு 88 சதவீதமோ அதற்கும் கீழேயோ இருந்து, மூன்று வாரம் கழித்துப் பார்த்தாலும் அப்படியே இருந்து, ரத்தப் பரிசோதனையிலும் உறுதியானால்தான் வீட்டு ஆக்சிஜன். அப்படிக் கொடுத்தால் நாளுக்குக் குறைந்தது 15 மணி நேரம். ஆயுளைக் கூட்டுகிறது என்று 1980லும் 1981லும் வந்த இரண்டு ஆய்வுகள் காட்டியது இப்படிப்பட்டவர்களுக்குத்தான். ஆக்சிஜன் மிதமாகக் குறைந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த 2016ம் ஆண்டு ஆய்வில் ஆயுளும் கூடவில்லை, ஆஸ்பத்திரிச் சேர்க்கையும் குறையவில்லை. அதுமட்டுமில்லை, இந்த நோயாளிகள் சிலருக்கு ஆக்சிஜனை அளவுக்கு மீறிக் கொடுத்தால் உடம்பில் கரியமில வாயு தேங்கி மயக்கத்துக்குப் போய்விடுவார்கள். மோசமான நேரத்தில்கூட 88 முதல் 92 வரை வைத்தால் போதும் என்று டாக்டர்கள் குறிவைப்பது அதனால்தான். இன்னொன்று, இதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது: ஆக்சிஜன் ஓடும் அறையில் சிகரெட் பற்றவைத்தால் முகமும் படுக்கையும் தீப்பிடிக்கும். வேண்டுமானால் பல்ஸ் ஆக்சிமீட்டர் ஒன்று வாங்குங்கள், அப்பா நன்றாக இருக்கும் நாட்களில் எவ்வளவு காட்டுகிறது என்று குறித்து வையுங்கள். மோசமாகும் நாளில் ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண் உதவும். கை சில்லென்று இருந்தால் தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பாருங்கள்.

நடக்க வேண்டாம் என்று சொன்னதைத் திரும்பப் பெறுங்கள். அன்பினால் சொன்னீர்கள், தெரியும். ஆனால் நடக்காமல் உட்கார்ந்தால் கால் தசைகள் கரைகின்றன, பலவீனமான தசை அதே வேலைக்கு அதிக ஆக்சிஜன் கேட்கிறது, அதனால் இன்னும் இரைக்கிறது, இரைப்பதால் இன்னும் உட்காருகிறார். இந்தச் சுழலை உடைப்பதற்கென்றே நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி என்று இருக்கிறது. பொதுவாக ஆறு முதல் எட்டு வாரம், வாரத்துக்கு இரண்டு முறையாவது, பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் நடை, கால் கைப் பயிற்சி, மூச்சுப் பயிற்சி. இரைப்பைக் குறைப்பதிலும் வாழ்க்கைத் தரத்தைக் கூட்டுவதிலும் இதற்கு இணையாக எந்த மருந்தையும் என்னால் சொல்ல முடியாது, இருந்தும் டாக்டர்கள் இதற்கு எழுதிக் கொடுப்பது குறைவு, நோயாளிகளும் கேட்பதில்லை. நீங்கள் கேளுங்கள். அருகில் அந்த வசதி இல்லையென்றால் டாக்டரிடம் இதயத்தைப் பரிசோதித்துக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே சில நிமிட நடையில் ஆரம்பித்து வாரா வாரம் கூட்டலாம். இரைக்கும், அது ஆபத்தில்லை, பேச முடிகிற அளவு இரைப்பாக இருந்தால் தொடரலாம். நின்று தேற வேண்டுமானால் மூக்கால் இழுத்து, விசிலடிப்பது போல உதட்டைக் குவித்து, இழுத்ததைப் போல இரண்டு மடங்கு நேரம் மெதுவாக வெளியே விடச் சொல்லுங்கள். முன்னால் சாய்ந்து மேஜை மீதோ முழங்கால் மீதோ கை ஊன்றிக்கொண்டால் மூச்சுத் தசைகளுக்குப் பிடி கிடைக்கும். கையடக்க மின்விசிறியை முகத்துக்கு நேரே பிடித்தால்கூட இரைக்கும் உணர்வு தணிகிறது, பலருக்கு உதவியிருக்கிறது.

தடுப்பூசி: வருடா வருடம் இன்ஃப்ளூயென்சா (ஃப்ளூ), நிமோனியா தரும் நியூமோகாக்கஸ் கிருமிக்கு ஒன்று, கோவிட், கிடைத்தால் ஆர்எஸ்வி என்ற மூச்சுத் தொற்று வைரஸுக்கு. எது போட்டிருக்கிறது, எது பாக்கி என்று டாக்டரிடம் பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள்.

குடும்ப டாக்டர் நுரையீரலை மட்டும் பார்க்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். இந்த நோய்க்காரர்களில் கணிசமானவர்கள் இதய நோயாலும் பாதிக்கப்படுகிறார்கள், காரணம் அதே புகைதான். ஈசிஜி, ரத்த அழுத்தம், கால் வீக்கம் எல்லாம் பார்க்க வேண்டும். இதயத்துக்காகப் பிசோப்ரோலால், மெட்டோப்ரோலால் மாதிரி மருந்து எடுத்துக்கொண்டிருந்தால், மூச்சுக்கு ஆகாது என்று யாராவது சொன்னதைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள், இந்த வகை பெரும்பாலும் சிஓபிடிக்காரர்களுக்குப் பாதுகாப்பானதுதான். எடையைக் கவனியுங்கள், முயற்சி எதுவும் இல்லாமல் இளைத்தால் அது நல்ல அறிகுறி இல்லை. அப்புறம் மனசு. மூச்சு முட்டிவிடுமோ என்ற பயத்திலேயே வாழ்கிறவர்கள் மெல்ல மெல்ல யாரோடும் பேசாமல் ஒதுங்கிவிடுகிறார்கள். பலவீனம் என்று நாம் நினைப்பது சில நேரம் மனச்சோர்வாக இருக்கும், அதற்கும் வைத்தியம் உண்டு. டாக்டர் கேட்காவிட்டால் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

அப்படியானால் நிபுணர் எப்போது? ஸ்பைரோமெட்ரிக்குப் பிறகும் நோய் எதுவென்று தெளிவில்லை, தினசரி இன்ஹேலரைச் சரியாக எடுத்தும் அடிக்கடி மோசமாகிறது, சளியில் ரத்தம் வருகிறது, எடை குறைந்துகொண்டே போகிறது, முதல் நொடிக் காற்று எதிர்பார்க்கும் அளவில் 30 சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது, வீட்டு ஆக்சிஜன் தேவையா என்று பார்க்க வேண்டும், இப்படியான நிலைகளில் தாமதிக்காமல் அனுப்ப வேண்டும். நாற்பது வயதுக்குள் வந்தாலோ, புகையே இல்லாமல் வந்தாலோ ஆல்ஃபா-1 ஆன்டிட்ரிப்சின் என்ற புரதம் பிறவியிலேயே குறைவாக இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். நிபுணரைப் பார்த்தாலும் அவர் எழுதியதை எடுத்துக்கொண்டு குடும்ப டாக்டரிடம் திரும்ப வாருங்கள், தினப்படி பார்த்துக்கொள்ளப்போவது அவர்தான். அப்பாவுக்கு மருந்து மாற்றியும் ஆறு மாதத்தில் இந்த இரண்டு மூன்று மாதக் கணக்கு மாறவில்லையென்றால் நிபுணரிடம் அனுப்பச் சொல்லி நீங்களே கேட்கலாம், எந்த நல்ல டாக்டரும் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

அடுத்த வாரம், அப்பா நன்றாக இருக்கும் ஒரு நாளில், கொஞ்சம் அதிக நேரம் வேண்டும் என்று முன்பே சொல்லி டாக்டரிடம் நேரம் வாங்குங்கள். வீட்டில் இருக்கும் எல்லா இன்ஹேலரையும், காலியானதையும் சேர்த்து, எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். போன ஒரு வருடத்தில் மோசமான தேதிகள், பழைய எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை எல்லாம் கூடவே இருக்கட்டும். உள்ளே போனதும் அப்பாவைப் பேசவிடுங்கள். எது முடியாமல் போனது அவருக்கு அதிகம் வலிக்கிறது என்று அவரையே சொல்லவிடுங்கள், பேரக்குழந்தையைத் தூக்க முடியவில்லையா, ஒரே மூச்சில் தூங்க முடியவில்லையா, மருந்தும் பயிற்சியும் அதை நோக்கித்தான் அமைய வேண்டும். வெளியே வரும்போது ஸ்பைரோமெட்ரிக்கான சீட்டு, மோசமானால் என்ன செய்வது என்ற தாள், மூன்று மாதத்துக்குள் ஒரு தேதி, இந்த மூன்றும் உங்கள் கையில் இருக்க வேண்டும். அந்தத் தேதியன்று அவருக்கு ஒரு தொந்தரவும் இல்லாவிட்டாலும் அழைத்துக்கொண்டு போங்கள்.